எல்லோரையும் சேர்ப்பதாம்!

சென்னைக்குத் தெற்கே துரைப்பாக்கம் பக்கத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில், “வேற்றுமைகளைப் போற்றுகிறோம், எல்லோரையும் சேர்த்துக் கொள்ளுகிறோம்” என்று விழாக் கொண்டாடுவது இப்போது ஒரு நாகரிகமாகிவிட்டது. கொண்டாடட்டும், நமக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் கண்ணகி நகரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கின்றோம்.

2000-ம் வருஷம் முதல், பட்டணத்தில் ஆற்றோரத்திலும் கால்வாயோரத்திலும் குடியிருந்த ஏழைகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தார்கள். பிறகு செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கம். இவர்களில் பெரும் பகுதியார் ஆதிதிராவிடத் தோழர்கள். பிழைப்பு பட்டணத்தில், படுக்கை பல மைலுக்கு அப்பால்! பழைய சேரி ஊருக்கு வெளியே கூப்பிடு தூரத்தில் இருந்தது. புதிய சேரி கூப்பிட்டாலும் கேட்காத தூரத்தில், மாடிமேல் மாடியாக நிற்கிறது. சிமெண்டு பூசினால் சேரி ஊராகி விடுமா?

1970-ல் ஏற்பட்ட குடிசை மாற்று வாரியம் 2021-ல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாயிற்று. 2020-ல் கண்ணகி நகர்ச் சுவர்களில் சித்திரம் தீட்டினார்கள். பெயர் மாறிற்று, சுவரின் வர்ணமும் மாறிற்று. மனிதனின் வர்ணம் மாறிற்றா? அந்த விலாசத்தைச் சொன்னால் வேலை கிடைப்பதில்லை என்று வேறு விலாசம் சொல்லுகிற வாலிபர்கள் அங்கே இருக்கிறார்கள். ஜாதி கேட்பதற்குப் பதிலாக விலாசம் கேட்பது என்பதல்லாமல் இதற்கு வேறு பெயர் என்ன?

“திறமை வேண்டாமா?” என்பார்கள். இது பழைய பாட்டு. 2025-ல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில், கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருவரும் இருந்தார். விளையாட இடம் கொடுத்ததும் திறமை வந்துவிட்டது பாருங்கள்!

நிற்க, தாம்பரத்தைக் கவனிப்போம். 2021-ல் ஏற்பட்ட அந்த மாநகராட்சிக்கு 2022-ல் முதல் மேயராக வந்தவர் ஓர் ஆதிதிராவிடப் பெண்மணி. யாருடைய தாராள மனத்தினாலும் அல்ல. அந்த ஸ்தானம் சட்டப்படி ஒதுக்கப்பட்டதனாலேயே! ஆனால் அதே ஊர்களில் எலக்ட்ரிக் ரயிலில் தோளோடு தோள் உரசி வந்தவன், இறங்கி வாடகைக்கு வீடு கேட்டால், “சைவமா?” என்று ஜாதி விசாரணை ஆரம்பமாகிறது.

அன்றியும், “சேர்த்துக் கொள்ளுகிறோம்” என்கிறவர்களைக் கேட்கின்றோம்: யார் வீட்டில் யார் யாரைச் சேர்ப்பது? கல் சுமந்து இப்பட்டணத்தைக் கட்டியவன் விருந்தாளி, அதில் குடியேறியவன் சொந்தக்காரனா? ஆகவே நாம் கேட்பது தயவல்ல, பங்கு. பட்டணத்திலேயே வீடு, வாசலில் நிற்கும் கம்பெனியில் வேலை, அதிகாரத்தில் ஸ்தானம். இவை இல்லாத வேற்றுமை விழா, கோயிலுக்குள் விடாமல் வெளியே நிறுத்திக் கொடுக்கிற பிரசாதமேயாகும். நம் வாசகர்களில் வீட்டுக்காரர் பலர் உண்டு. அவர்கள் முதலில் தங்கள் வாசலில் “சைவருக்கு மட்டும்” என்று தொங்கும் பலகையைக் கழற்றி எறிவார்களாக!