ரிக்ஸ் பிழைத்திருக்க வேண்டுமா? - லீத்தல் வெப்பன் நான்காம் படத்தை முன்வைத்து

லீத்தல் வெப்பன் வரிசையின் நான்காம் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நண்பர் குழாம் உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதனை நாம் கண்டு வருகிறோம். 'முதல் படத்தின் பெயரைக் கெடுக்க வந்த படம்' என்பார் ஒருவர். 'நெடுநாள் கழித்துத் தாய்மாமன் வீட்டுக்குப் போய்வந்தது போலிருந்தது. குறை சொல்ல மனம் வரவில்லை' என்பார் மற்றொருவர். கதை எக்கேடு கெட்டாலும் ஜெட் லீயின் கால்வீச்சுக்காகவே மும்முறை பார்த்தேன் என்று சொல்லும் மூன்றாமவர் ஒருவரும் எப்போதும் இருப்பார். அவரோடு வழக்காட நமக்கு விருப்பமில்லை. அவர் சொல்வது உண்மை. முதலிருவரின் வழக்கைத்தான் சற்று விரித்து நோக்க விழைகிறோம். அவர்கள் படத்தைப் பற்றிப் பேசுவதாக நினைத்துக்கொண்டு உண்மையில் வேறொன்றைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பது நம் துணிபு.

1987இல் ரிச்சர்ட் டானர் இயக்கத்தில் வந்த முதல் படத்தை, கேலியும் துப்பாக்கிச் சூடும் நிறைந்த இரட்டைக் காவலர் படம் என்றே பலர் நினைவில் வைத்துள்ளனர். அது சாவை நாடும் ஒருவனின் கதை என்பதை மறந்துவிடுகிறார்கள். கிறிஸ்துமஸ் காலத்து லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மனைவியைப் பறிகொடுத்த மார்ட்டின் ரிக்ஸ் (மெல் கிப்சன்) துப்பாக்கிக் குழலை வாயில் வைத்துக்கொண்டு விசையை அழுத்தவும் மாட்டாமல் அழுகின்ற காட்சி, அத்தகைய படங்களில் அதற்கு முன் நாம் காணாதது. அவனோடு பணியில் இணைக்கப்படும் ரோஜர் மர்ட்டோ (டேனி குளோவர்) ஐம்பதைத் தொட்ட குடும்பத்தலைவர். வேலை முடிந்து வீடு திரும்பினால் போதும் என்றிருப்பவர். தனக்கென ஒதுக்கி வைத்திருந்த தோட்டாவைப் படத்தின் முடிவில் ரிக்ஸ் அவருக்குப் பரிசாக அளிக்கிறான். கதை அங்கே முடிந்துவிட்டது. முடிந்த கதையை வளர்ப்பதில் உள்ள இடர் அன்றே தொடங்கிற்று.

இவ்விடரை முதலில் உணர்ந்தவர் அப்படத்தை எழுதிய ஷேன் பிளாக். இரண்டாம் படத்துக்கு அவர் எழுதிய வரைவில் ரிக்ஸ் இறுதியில் மாண்டுபோகிறான். தயாரிப்பாளர் தரப்பு அதை ஏற்கவில்லை; பிளாக் விலகிக்கொண்டார். 1989இல் வெளிவந்த இரண்டாம் படத்தில் குண்டுக் காயங்களோடு மர்ட்டோவின் மடியில் கிடக்கும் ரிக்ஸ் பிழைத்துக்கொள்கிறான். 1992இல் மூன்றாம் படத்தில் லோர்னா கோல் (ரெனே ருஸ்ஸோ) என்ற காவல் அதிகாரியைக் காதலிக்கிறான். 1998இல் தந்தையாகிறான். நான்காம் படத்தை வெறுக்கும் நண்பர்கள், தம்மை அறியாமலே ஷேன் பிளாக்கின் பக்கம் நிற்பவர்கள். சாக வேண்டியவன் சாகாமல் மகிழ்ச்சியாய் இருப்பதை அவர்களால் பொறுக்க இயலவில்லை.

நாமும் அந்தப் பக்கமே நின்றோம். கல்லூரியின் தொடக்க ஆண்டுகளில், திரையரங்கின் முன்வரிசையில் கழுத்து நோக அண்ணாந்து பார்த்துவிட்டு வெளியே வந்ததும் விடுதித் தோழனிடம் 'இவன் ரிக்ஸ் அல்லன்' என்று தீர்ப்பளித்தது நன்கு நினைவிருக்கிறது. தொடக்கக் காட்சியில், கவசமணிந்து தீயுமிழும் கருவியோடு வீதியில் நிற்கும் ஒருவனை வீழ்த்துதற்காக மர்ட்டோவை உள்ளாடையோடு நிற்கவைத்துக் கோழிபோல் கொக்கரிக்கச் செய்கிறான் ரிக்ஸ். அரங்கமே குலுங்கிச் சிரித்தது. நாமும் சிரித்தோம், சிரித்த பின்னர் சினந்தோம். துயரத்தின் பிள்ளையாக நாம் அறிந்தவன் கோமாளியாகிவிட்டானே என்பது அந்தச் சினம். பதினெட்டு வயதில் துயரத்துக்கு இருக்கும் மதிப்பு மகிழ்ச்சிக்கு இருப்பதில்லை.

இப்படம் அவசரத்தில் பிறந்தது என்பதையும் சொல்லவேண்டும். 1998 ஜனவரியில் படப்பிடிப்புத் தொடங்கி, அதே ஆண்டு ஜூலை 10ஆம் நாள் திரைக்கு வந்துவிட்டது. ஏறத்தாழ 14 கோடி டாலர் செலவு. உலகெங்கும் ஈட்டியது 28 கோடிக்கு மேல். அவசரத்தின் தழும்புகளைக் கதையில் எங்கும் காணலாம். கள்ளப்பணம், ஆள்கடத்தல், சீனத் தளபதி ஒருவருக்குக் கையூட்டு, மர்ட்டோவின் வீட்டில் எங்கிருந்தோ வந்த செல்வம் என்று பலவற்றைத் தொடங்கி, பாதியை ஒற்றை வசனத்தில் முடித்துவிடுகிறார்கள். (மர்ட்டோவின் மனைவி புனைபெயரில் காதல் நாவல்கள் எழுதிச் சம்பாதிக்கிறார் என்பதே அச்செல்வத்தின் மர்மம். இலக்கியம் சோறு போடாது என்று நம்மிடம் சொன்ன உறவினர்க்கெல்லாம் இக்காட்சியைக் காட்ட ஆசைப்படுகிறோம்.) ஆயினும் நம் நண்பர்கள் கோபிப்பது கதைக் குழப்பத்துக்காக அன்று. மூன்றாம் படத்தின் கதையும் குழப்பமே. அதை எவரும் இவ்வளவு வெறுப்பதில்லை.

கிப்சன் இப்படத்தில் நடித்தபோது வயது நாற்பத்திரண்டு. நாம் இன்று அவ்வயதைத் தாண்டிவிட்டோம். அண்மையில் மீண்டும் பார்த்தபோது, முன்பு கவனியாத ஒன்று கண்ணில் பட்டது. வரிசை முழுதும் 'இதற்கெல்லாம் எனக்கு வயதாகிவிட்டது' என்று அலுத்துக்கொள்ளும் உரிமை மர்ட்டோவுடையது. நான்காம் படத்தில் அதே அலுப்பு ரிக்ஸின் வாயிலிருந்து வருகிறது. உடல் முன்போல் ஒத்துழைக்கவில்லை. சாக அஞ்சாதவனாக இருந்தவன், இழப்பதற்கு ஏதோ ஒன்று வந்துவிட்டதனால் அஞ்சுகிறான். இது கோமாளித்தனம் அன்று, வேறொரு துயரம். இளமையில் நமக்கு அது கண்ணில் படாமற்போனதில் வியப்பில்லை.

கல்லறைக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். லோர்னா நிறைமாதக் கர்ப்பிணி. அவளை மணந்துகொள்வது இறந்த மனைவிக்குச் செய்யும் துரோகமோ என்று கலங்கி, அவள் கல்லறை முன் நின்று விடை கேட்கிறான் ரிக்ஸ். அங்கே வந்து சேர்பவன் ஓயாத வாயாடி லியோ கெட்ஸ் (ஜோ பெஷி). சிறுவயதில் தனக்கு நண்பர் எவருமில்லை, ஒரு தவளை மட்டுமே இருந்தது, அதைத் தன் மிதிவண்டியாலேயே ஏற்றிக் கொன்றுவிட்டேன் என்று கதை சொல்லத் தொடங்குகிறான். இப்போது நீங்கள் இருவரும் இருக்கிறீர்கள். தவளையைவிட மேல் என்று சொல்லமாட்டேன், வேறு வகை என்று முடிக்கிறான். ரிக்ஸ் கேட்ட விடை அதுதான். இரண்டாம் மனைவி முதல் மனைவியின் இடத்தைப் பறிப்பவள் அல்லள் என்பதை ஒரு தவளைக் கதையில் வைத்துச் சொன்ன எழுத்தை எளிதாகத் தள்ளிவிட நமக்கு ஒப்பவில்லை. அவ்வாண்டின் மிக மோசமான துணைநடிகர் பட்டியலில், ரேஸி என்னும் எள்ளல் விருதுக்கு, இதே படத்துக்காக ஜோ பெஷியின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. பரிந்துரைத்தவர்கள் கல்லறைக் காட்சி வருமுன்பே அரங்கைவிட்டுப் போயிருக்கவேண்டும்.

ஆக, ரிக்ஸ் பிழைத்தது சரியே என்று இன்று நாம் சொல்கிறோம். தாய்மாமன் வீட்டு நண்பர் இதைப் படித்ததும் மகிழ்ந்துவிட வேண்டா. அவரிடமும் நமக்கொரு வழக்கு உண்டு, அதுவே பெரிது.

சீனாவிலிருந்து மனிதரைக் கடத்திவரும் கப்பல் ஒன்று இப்படத்தின் மையம். இது வெறும் கற்பனை அன்று. 1993 ஜூன் மாதம் கோல்டன் வென்ச்சர் என்ற கப்பல் 286 சீனரோடு நியூயார்க்கின் ராக்கவே கடற்கரையில் தரைதட்டியது. நீந்திக் கரைசேர முயன்றவர்களுள் பத்துப் பேர் மாண்டனர். படத்தில், கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருப்போரைக் காணும் மர்ட்டோவுக்குத் தம் முன்னோர் ஏற்றிவரப்பட்ட அடிமைக் கப்பல்கள் நினைவுக்கு வருகின்றன. தப்பிய குடும்பம் ஒன்றைச் சட்டத்துக்கு மறைத்துத் தம் வீட்டில் வைத்துக் காக்கிறார். கறுப்பினக் காவலர் ஒருவர் இதைச் செய்வது இவ்வரிசை எட்டிய உயரங்களுள் ஒன்று. இரண்டாம் படத்தில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசின் தூதரைப் பகைவனாக்கிய துணிவுக்கு இது குறைந்ததன்று.

அதே படம், அடுத்த சில காட்சிகளில், சீன உணவகம் ஒன்றில் ரிக்ஸைக்கொண்டு சீனரின் ஆங்கில உச்சரிப்பைப் பழித்துக் காட்டுகிறது. உணவகத்துப் பெரியவர் திருத்தமாகப் பதிலடி கொடுக்கிறாரே, பிறகென்ன என்பர் படத்தின் அன்பர்கள். கொடுக்கிறார்தான். ஆனால் அவர் பதிலும் அதே உச்சரிப்பின்மேல் கட்டப்பட்ட இன்னொரு நகைப்பாகவே முடிகிறது. நகை பிறக்கும் களங்களைத் தொல்காப்பியர் நான்காக வகுத்தார். அவற்றுள் பேதைமை ஒன்று, எள்ளல் ஒன்று. பல் மருத்துவர் அறையில் சிரிப்பு வாயு கசிந்து, விசாரிக்கப் போன காவலரும் விசாரிக்கப்படுபவரும் ஒருசேரப் பிதற்றுகிறார்களே, அது பேதைமையில் பிறந்த நகை. அங்கே எவரும் எவருக்கும் மேலல்லர். இன்று பார்த்தாலும் வயிறு நோகச் சிரிக்கிறோம். உணவகக் காட்சி எள்ளலில் பிறந்தது. அங்கே ஒருவர் மேல், ஒருவர் கீழ். அடிமைக் கப்பலுக்காகக் கண்கலங்கச் சொல்லும் படமே அக்கப்பலில் வந்தவர் இனத்தாரின் நாக்கைப் பார்த்துச் சிரிக்கவும் சொல்கிறது.

ஜெட் லீயையும் இங்கேதான் கருதவேண்டும். சீன மொழிப் படங்களில் நாயகனாகப் புகழ்பெற்றவர் ஹாலிவுட்டில் அடியெடுத்து வைத்ததே இந்த வில்லன் வேடத்தில். பேச்சுக் குறைவு, கண்ணாலேயே அச்சுறுத்துகிறார். அவர் ஏற்ற பாத்திரம் இத்தனை கொலைகளைச் செய்வது, சிறைப்பட்ட குழுத் தலைவர்களை விலைகொடுத்து மீட்பதற்காக. அவர்களுள் ஒருவன் அவனுடைய உடன்பிறந்தவன். அவ்வுடன்பிறப்பு இறுதி மோதலில் மாள்கிறான். குடும்பம், குடும்பம் என்று மூச்சுக்கு மூச்சுச் சொல்லும் படம், பகைவனுக்கும் ஒரு குடும்பம் இருந்ததை நினைத்துப் பார்க்க அரை நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். ஜாக்கி சான் நாயகனாக வந்த ரஷ் ஹவர் இதற்கு இரண்டு மாதம் கழித்து, 1998 செப்டம்பரில், வெளிவந்தது. அதிலும் இன நகைச்சுவை குறைவில்லை. எனினும் அங்கே சீனர் திருப்பி அடிக்கவும் சிரிக்கவும் உரிமை பெற்ற இருவருள் ஒருவர்.

டானர் ஐந்தாம் படம் ஒன்றை எடுக்க எண்ணியிருந்தார். 2021 ஜூலையில் மறைந்தார். அப்பணியைத் தாம் ஏற்பதாகக் கிப்சன் அவ்வாண்டே அறிவித்தார். ரிக்ஸை இன்னும் எவ்வளவு காலம் பிழைக்கவைப்பது என்று நண்பர் குழாம் அதற்கும் பிரிந்து நிற்கும்.

இதற்கிடையே நம் வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டுவிட்டது. நான்காம் படத்தைப் போட்டால் உணவகக் காட்சியை ஓட்டிவிடுகிறோம். கல்லறைக் காட்சியை மட்டும் இருமுறை பார்க்கிறோம். இது படம் பார்ப்பதே அன்று, ஏமாற்று வேலை என்கிறார் அந்த விடுதித் தோழர். அவர் இன்னும் ஷேன் பிளாக்கின் பக்கந்தான்.