கொடியில் யார் கூலி?

தாம்பரம், பல்லாவரம் வட்டாரத் தோழர்களே!

1932 ஜனவரியில் திருப்பூரில் போலீஸ் தடியடியில் மண்டை உடைந்தும் கொடியை விடாமல் மடிந்தான் குமரன். நெசவாளி வீட்டுப் பிள்ளை அவன்!

1947 ஜூலை 22ல் அரசியல் நிர்ணய சபை இராட்டையை எடுத்துவிட்டு அசோகச் சக்கரத்தை வைத்தது. ஆனால் துணி? கையால் நூற்று, கையால் நெய்த கதர்தான் என்பது விதி. கொடியில் ஏழையின் கூலி இருந்தது.

2021 டிசம்பர் 30ல் மோடி சர்க்கார் விதியைத் திருத்தியது. பாலியஸ்டரும் ஆகலாமாம், மிஷின் நெசவும் ஆகலாமாம்! 2022 ஆகஸ்டில் வீடுதோறும் கொடி ஏற்றச் சொன்னது.

லாபம் யாருக்கு? பாலியஸ்டர் முதலாளிகளுக்கு! மில் தொழிலாளிக்குக் கூலி உயர்ந்ததா? நூற்கும் பெண்ணின் கஞ்சியில் கைவைத்துவிட்டு தேசபக்தி பேசுவதா?

கதர் விதியைத் திரும்பக் கொண்டு வா! மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே குரலில் கேட்போம்!