விடை சரியா? மறுபடியும் பார்!



எங்கள் அம்பகரத்தூரில் கோயில் வாசலில் சிதறுகாய் உடைத்தால் சிறுவர்கள் பாய்ந்து பொறுக்குவார்கள். சில்லுகள் தெறித்த திசையைக் கவனித்தால், காய் எப்படி விழுந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதே வேலையை விஞ்ஞானிகளும் செய்கிறார்கள்! சுவிட்சர்லாந்து – பிரான்ஸ் எல்லையில், பூமிக்கு அடியில், செர்ன் ஆய்வுக்கூடத்தின் 27 கி.மீ. சுற்றளவுள்ள வளையம் இருக்கிறது. அதில் புரோட்டான்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு மோதவிடுகிறார்கள். சுமார் நூறு கோடி மோதல்களில் ஒன்றில் 'ஹிக்ஸ் போசான்' என்ற துகள் பிறக்கும். கண் இமைப்பதற்குள் சிதைந்தும் போகும்.

1964-ல் பீட்டர் ஹிக்ஸ் முதலானோர் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 2012 ஜூலை 4-ல் அந்தத் துகளைக் கண்டதாக அறிவித்தார்கள். 'போசான்' என்ற பெயர், நம் நாட்டு விஞ்ஞானி சத்யேந்திரநாத் போஸ் நினைவாக வைத்தது.

"கண்டுபிடித்தாயிற்றே, இனி என்ன வேலை?" என்கிறீர்களா? இனிமேல்தான் வேலையே! மற்ற துகள்களோடு அது கணக்கில் சொன்னபடிதான் பழகுகிறதா, வேறு விதமாகவும் பழகுகிறதா? சிதைந்து தெறிக்கும் எலெக்ட்ரான்கள், மியூவான்கள் எந்தெந்தக் கோணத்தில் பறக்கின்றன என்று அளந்து பார்க்கிறார்கள். இப்படிச் சோதிக்க வழிகளை ஆராய்ந்தவர்களில் ஒருவர் ரோகிணி கோட்போலே. புனேயில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார், 2024-ல் மறைந்தார். பெண்கள் அறிவியலுக்கு வரவேண்டும் என்று கடைசிவரை பாடுபட்டார்.

இதுவரை அளந்ததெல்லாம் பழைய கணக்கோடு ஒத்தே போகிறது. உழைப்பு வீணா? இல்லை! 'இவ்வளவு தூரம் தேடியும் மாறுதல் இல்லை' என்று தெரிந்துகொள்வதும் அறிவுதான். பிரபஞ்சத்தில் உள்ள கரும்பொருள் என்ன என்பதற்கு அந்தக் கணக்கில் பதில் இல்லை. அதனால் தேடல் தொடர்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நான் ஆசிரியராக இருந்தபோது, ஊசல் சோதனையில் புத்தகத்தில் உள்ள விடை வந்தால்தான் முழு மதிப்பெண் போடுவேன். பிள்ளைகள் அளவைத் திருத்தி எழுதினார்கள். தவறு என்னுடையதுதான். செர்னில் அப்படித் திருத்தினால் புதியது எதையாவது காண முடியுமா?

ஆகவே குழந்தைகளே, அளந்ததை அளந்தபடியே எழுதுங்கள். விடை மாறி வந்தால் பயப்படாமல் மறுபடி அளந்து பாருங்கள். ஒத்து வந்தாலும் இன்னொரு முறை பாருங்கள். ஆசிரியர்களே, அப்படி எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்!