பள்ளம் தோண்டும் முன்

திருநாவலூர் போன்ற ஊர்களில் குடிநீர்க் குழாய்க்கும் இணையக் கேபிளுக்கும் கிடைப்பது ஒரே சாலையோரம்தான். ஒன்றைப் புதைக்க வரும் ஜேசிபி இன்னொன்றை அறுத்துவிடுகிறது. ஒழுங்கில்லாமல் தோண்டுவதால் நாட்டுக்கு ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் நட்டம் என்பது மத்திய அரசே சொன்ன கணக்கு. கேபிளைக் கண்டறியும் கருவி ஒன்றிருந்தால் போதும் என்பவர்கள் அது வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மின்காந்தக் கருவி உலோகத்தைத்தான் உணரும்; உலோகமே சேராத கண்ணாடி இழைக் கேபிள் அதற்குத் தென்படாது. தரை ஊடுருவும் ரேடார் பிளாஸ்டிக்கையும் காட்டும், ஆனால் ஈரக் களிமண்ணில் அதன் அலை சீக்கிரமே அடங்கிவிடும். புதைக்கும்போதே கூடவே ஒரு செம்புக் கம்பியை ஓட்டி, ஆழத்தையும் இடத்தையும் பதிந்து வைத்தால்தான் பின்னால் கருவிக்கும் பயன் உண்டு.

தோண்டுபவர் கேபிள் உரிமையாளருக்கு முன்கூட்டித் தெரிவிக்க, 2023 மார்ச்சில் 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி வந்தது. அவசரமாகக் குழாய் உடைப்பைச் சரிசெய்பவர் செயலியைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பெரும்பாலான பள்ளங்கள் டெண்டர் விட்டு, நாள் குறித்துத் தோண்டப்படுபவை. அவற்றுக்கு அவசரம் ஒரு சாக்கு. சிறு ஒப்பந்ததாரருக்குக் கருவி வாங்க வசதியில்லை என்பதும் உண்மை. ஒன்றியத்துக்கு ஒன்று வாங்கி வாடகைக்கு விடலாமே. கேபிள் போன தடத்தின் வரைபடத்தைக் கொடுக்காத ஒப்பந்ததாரரின் பில்லை ஒன்றிய அலுவலகங்கள் நிறுத்திவைக்கட்டும்.