மூன்று கதவுக்கு மட்டும் வைசர்

அம்பாசடர் ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும். முன்கதவில் சின்னதாய் ஒரு முக்கோணக் கண்ணாடி. கொக்கியைத் தள்ளித் திருப்பினால் காற்று நேராக முகத்துக்கு வரும். கதவுகளுக்கு மேலே கூரையோரமாக ஒரு தகர விளிம்பும் ஓடும். மழைத் தண்ணீர் அதில் வழிந்து முன்னும் பின்னும் போய்விடும். இப்போது வரும் கார்களில் இரண்டும் கிடையாது. ஏசி இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

என் வீட்டில் அந்த ஏசிதான் பிரச்சினை. மனைவிக்கு சில வருஷமாக வீசிங். ஏசி காற்று பத்து நிமிஷம் பட்டால் இழுப்பு வந்துவிடும். கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு ஏசி போடாமல் போனால் சென்னைப் புழுக்கத்தில் இருவரும் வெந்துவிடுவோம். மழை நாளில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து ரோடும் தெரியாது. ஐப்பசியில் டாக்டரிடம் போய்வருவதற்குள் அவள் புடவை ஒரு பக்கம் நனைந்திருக்கும். அதற்காகத்தான் டோர் வைசர் போட முடிவு செய்தேன், அழகுக்காக அல்ல.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஒரு கடைக்குப் போனேன். எதற்காக வேண்டும் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. "குரோம் பட்டை வச்சது போடுங்க சார், வண்டி கெத்தா இருக்கும்" என்றார் கடைப் பையன். ஜன்னல் பீடிங்குக்குள் சொருகும் வகையும் இருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு தட்டில் தானாக ஏறும் கண்ணாடி உள்ள வண்டிகளில், ஏதோ கை மாட்டிக்கொண்டது என்று நினைத்துக் கண்ணாடி பாதியிலேயே திரும்ப இறங்கிவிடுமாம். வெளியே டபுள் சைட் டேப்பில் ஒட்டும் வகைதான் தேவலை என்று, அகலமாக, நல்ல கறுப்பாக நாலு துண்டு உள்ள செட் ஒன்றை வாங்கினேன். 2012-இல் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, கறுப்பு ஆசையை வைசரில் தீர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. என்னையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் மழையிலேயே பலன் தெரிந்தது. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்துக்கொண்டு வந்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. அவளுக்கு ஏக சந்தோஷம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு விடிகாலை. எங்கள் தெருமுனையில் வலப்பக்கம் திரும்பினேன். வலதுபுறம் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன், சத்தியமாக. ஆனால் பால் பாக்கெட் கிரேட்டுடன் சைக்கிளில் வந்த பையன், பம்பரை ஒட்டி வந்த பிறகுதான் கண்ணில் பட்டான். பிரேக்கை மிதித்த மிதியில் இருவரும் குலுங்கிப்போனோம். அவன் ஒரு காலை ஊன்றி நின்று, "பெருசு, கண்ணு தெரியலன்னா வூட்லயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆனது.

வயசாகிவிட்டது, கழுத்து திரும்பவில்லை, இனி சாவியை மகனிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் மனைவிதான், "நான் வெளிய நிக்கறேங்க, நீங்க உள்ள உக்காந்து பாருங்க" என்றாள். காருக்கு முன்னால் வலப்பக்கத்திலிருந்து மெதுவாக நடந்துவரச் சொன்னேன். ஓரிடத்தில் மறைந்தாள். முன்கண்ணாடியின் தூணுக்குப் பின்னால் எந்தக் காரிலும் கொஞ்சம் மறையத்தான் செய்யும். ஆனால் தூணைத் தாண்டியும் அவள் தெரியவில்லை. தூணை ஒட்டி வளைந்து இறங்கும் அந்தக் கறுப்பு வைசர், தூணை இன்னும் தடிமனாக்கி வைத்திருந்தது. கீழே பக்கக் கண்ணாடி வேறு. மூன்று அடி எடுத்து வைத்த பிறகுதான் வெளியே வந்தாள். மறுநாள் ஹேர் டிரையரால் சூடுகாட்டி, நைலான் நூலால் டேப்பை அறுத்து, என் பக்கத்து வைசரைக் கழற்றிவிட்டு அதே மாதிரி நடக்கவைத்தேன். ஒரே அடியில் வெளியே வந்துவிட்டாள்.

சின்ன வயசுக்காரன் கழுத்தை எட்டி, தோளை முன்னே தள்ளிப் பார்த்துவிடுவான். தேய்ந்த கழுத்தெலும்பும் கண்புரை ஆபரேஷன் செய்த கண்ணும் உள்ள என்னைப் போன்றவனுக்கு அந்த இரண்டு அடி ரொம்பப் பெரிது. ஆகவே கடைக்குப் போகிறவர்கள் வண்டிக்கு வெளியே நின்று அழகு பார்க்காதீர்கள். ஒட்டுவதற்கு முன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, துண்டை இடத்தில் பிடித்துக் காட்டச் சொல்லி, கூட வந்தவரை நடக்கவிட்டுப் பாருங்கள். கடைக்காரர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். முன்கதவுக்கு ஒடுக்கமாக, ஊடே தெரிகிற வெளிர் நிறத்தில் கிடைத்தால் வாங்குங்கள். பின்கதவுக்கு எதுவானாலும் பரவாயில்லை. தூறலில் மட்டும் ஒட்டாதீர்கள். இடத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து ஒட்டி, ஒருநாள் முழுக்கத் தண்ணீர் படாமல் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹைவேயில் பிய்த்துக்கொண்டு பின்னால் வரும் பைக்காரன் முகத்தில் போய் அடிக்கும்.

அவள் பக்கத்து முன்கதவில் வைசர் அப்படியே இருக்கிறது. அந்தத் தூண் என்னிடமிருந்து தள்ளி இருப்பதால் அவ்வளவாக மறைப்பதில்லை. அதையும் நடக்கவிட்டுப் பார்த்தோம். பின்னால் இரண்டு. ஆக மூன்று. மழையில் என் வலது கை கொஞ்சம் நனைகிறது, அவ்வளவுதான்.

பெங்களூரிலிருந்து வந்த மகன் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்னப்பா, ஒண்ணு விழுந்துடுச்சா? புதுசு வாங்கித் தரவா?" என்றான். விழவில்லை, பரண்மேல் இருக்கிறது என்று அவன் அம்மாதான் பதில் சொன்னாள்.