சீட்டு மாற்றுதற்குக் கட்டணம் முறையாகுமா?

சென்ற டிசம்பர்த் திங்களில் நம் தேர்வின் இறுதி நாள் பெருமழையை முன்னிட்டு இரண்டு நாள் தள்ளி வைக்கப்பட்டது. அச்செய்தி அறிவிப்புப் பலகையில் ஏறிய மாலையில் விடுதியில் எழுந்த ஆரவாரம் தேர்வைப் பற்றியதன்று. விடுமுறைக்கு ஊர் செல்ல முன்னரே வாங்கி வைத்திருந்த பிரயாணச் சீட்டுக்களைப் பற்றியதேயாம். யானும் திருநெல்வேலி செல்லுதற்குத் தனியார் பேருந்துக் கம்பெனி ஒன்றில் 950 ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கியிருந்தேன். பிரயாணத்திற்கு இன்னும் ஆறு நாள் இருந்தன. கைப்பேசியை எடுத்து நாளை மாற்றினேன். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. புதிய நாளுக்குரிய விலை 150 ரூபாய் மிகுதியென்று காட்டிற்று. பண்டிகை நெருங்க நெருங்க விலை ஏறுதல் எவரும் அறிந்தது. அதன்பொருட்டு யான் வருந்தவில்லை. அதன் கீழே, ‘நிர்வாகக் கட்டணம் 200 ரூபாய்’ என்று வேறொரு வரி நின்றது. அவ்வரியே என்னை இதனை எழுதத் தூண்டியது.

தமிழ் பயில்வோர் சொல்லைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவர் என்று பிற துறை நண்பர் நகையாடுவதுண்டு. ஆயினும் ஈண்டுச் சொல்லிலேதான் பொருள் மறைந்து கிடக்கின்றது. நிர்வாகமாவது ஒரு காரியத்தை ஏற்று நடத்துதல். என் சீட்டு மாறிய காரியத்தை நடத்தினவர் யாவர்? நாளைத் தெரிந்தவன் யான். இருக்கையைத் தெரிந்தவன் யான். பெயரையும் வயதையும் மறுபடியும் எழுதினவனும் யானே. கம்பெனியார் பக்கத்தில் ஒரு கணினி விழித்திருந்தது; அவ்வளவே. நிர்வகித்தவனே நிர்வாகக் கூலியையும் செலுத்துதல் புதுமையான வழக்கமன்றோ?

என் அறைத்தோழன் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அவன் ரெயிலில் படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்பிற்குச் சீட்டு வாங்கியிருந்தான். 2015ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, உறுதியான சீட்டை வண்டி புறப்படுதற்கு 48 மணி நேரத்திற்கு முன்னர் நீக்கினாலும் அவ்வகுப்பிற்கு 120 ரூபாய் பிடித்தனர். அத்தொகையை இழந்து, புதிய நாளுக்கு வேறு சீட்டு வாங்கினான். அது காத்திருப்போர் பட்டியலில் விழுந்து, கடைசிவரை இடம் பெறவில்லை. அதற்கும் 60 ரூபாய் கழித்தே மீதி வந்தது. ஆக, 180 ரூபாய் கொடுத்தும் இருக்கையின்றி, முன்பதிவில்லாப் பெட்டியில் இரவு முழுதும் நின்றுகொண்டு ஊர் சேர்ந்தான். அவன் அன்னையார் பீடி சுற்றிப் பொருளீட்டுபவர். 180 ரூபாய் அவ்வம்மையாருக்கு ஒருநாட் கூலியிற் பெரும்பகுதி.

அந்த 60 ரூபாய்க்கு ரெயில்வேயார் இட்டுள்ள பெயர் ‘கிளார்க்கேஜ்’ என்பது. எழுத்தர் ஒருவர் பேரேட்டைப் புரட்டி, பெயரை அடித்து, பணத்தை எண்ணிக் கொடுத்த காலத்துச் சொல் அது. 2002இல் இணையவழிச் சீட்டு வந்தபின் அவ்வெழுத்தர் அக்காரியத்தினின்றும் விலகிவிட்டார். அவர் கூலி மட்டும் விலகவில்லை. இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. உறுதியான சீட்டைத் தந்தை தாய், உடன்பிறந்தார், மக்கள், கணவன் மனைவி ஆகியோர் பெயருக்கு மாற்ற வேண்டின், 24 மணி நேரத்திற்கு முன் நிலையத்திற்குச் சென்று, உறவுக்குச் சான்று காட்டி, விண்ணப்பம் கொடுத்தல் வேண்டும். அங்கே மெய்யாகவே ஓர் எழுத்தர் அமர்ந்து படித்துப் பார்த்து மாற்றிக் கொடுக்கின்றார். அதற்குக் கட்டணம் கிடையாது! எழுத்தர் உழைக்குமிடத்தில் கூலியின்மையும், எழுத்தரில்லாவிடத்தில் கூலியும் எந்தக் கணக்கில் அடங்குமோ அறியேன்.

இதனைப் பொருளாதாரம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் சொன்னபொழுது அவர் என்னை எளிதில் விட்டாரல்லர். “தம்பி, காலியிருக்கை அழுகும் பழம் போன்றது. வண்டி புறப்பட்டபின் அதனை விற்க இயலாது. கட்டணமே இல்லையெனின் நீங்கள் ஒவ்வொருவரும் மூன்று நாளுக்கு மூன்று சீட்டு வாங்கி வைத்து, கடைசியில் இரண்டை எறிவீர்கள்; உண்மையில் போக வேண்டியவன் தெருவில் நிற்பான்” என்றார். இதனை மறுக்க என்னால் இயலவில்லை. நம் விடுதியிலேயே அவ்வாறு செய்வோரை யான் அறிவேன். ஆகவே, புறப்படுதற்கு 12 மணி நேரத்திற்குள் நீக்கினால் பாதிக் கட்டணம் என்றும், 4 மணி நேரத்திற்குள்ளாயின் ஒன்றுமில்லை என்றும் அதே 2015ஆம் ஆண்டு விதிகள் கூறினவற்றை யான் குறைகூறேன். காலம் குறையக் குறைய நட்டம் மிகும். நட்டம் மிக, இழப்பும் மிகும். அது முறை.

ஆனால் அவ்வாதம் ஆறு நாளுக்கு முன் மாற்றியவனைத் தொடுமா? என் தோழன் விட்ட படுக்கை ஒரு கணமும் வெறுமையாய்க் கிடந்திராது. காத்திருப்போர் வரிசையில் ஒருவர் முன்னரே முழுக் கட்டணம் செலுத்தி நின்றாரெனின், ரெயில்வேயார்க்கு நட்டம் எங்கே? மேலும் இக்கட்டணம் ஏழையையே மிகுதியும் அழுத்துகின்றது. சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு அவன் வகுப்பின் விலை ஏறத்தாழ 400 ரூபாய். 120 ரூபாய் அதில் பத்தில் மூன்று பங்கு. குளிரூட்டிய இரண்டடுக்கு வகுப்பின் விலை ஏறத்தாழ 1,500 ரூபாய். அதனை நீக்குதற்குப் பிடித்தம் வரியின்றி 200 ரூபாய், ஏழில் ஒரு பங்கினும் குறைவு.

நட்டத்திற்கு ஈடு என்றால் சட்டம் அதற்கு அளவு வகுத்திருக்கின்றது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகை குறிக்கப்பட்டிருப்பினும், அதற்கு மேற்படாத நியாயமான ஈடே பெறத்தக்கது என்கின்றது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, நேர்ந்த நட்டத்திற்கு முற்றிலும் பொருந்தாத தண்டம் விதிக்கும் உடன்படிக்கையை நேர்மையற்ற ஒப்பந்தங்களுள் ஒன்றாக எண்ணுகின்றது. நட்ட ஈடு என்று சொன்னால் நட்டத்தைக் காட்ட வேண்டும். ‘நிர்வாகம்’ என்றால் காட்ட வேண்டுவதில்லை. அச்சொல் விரும்பப்படுதற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து.

கம்பெனியார் இக்கட்டணமின்றி வாழ இயலாதென்பதும் மெய்யன்று. அமெரிக்க நாட்டுப் பெரிய விமானக் கம்பெனிகள் உள்நாட்டுச் சீட்டை மாற்றுதற்கு 200 டாலர் வாங்கி வந்தன. கொள்ளை நோயால் பிரயாணிகள் அருகிய 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30ஆம் நாள் யுனைடெட் கம்பெனி, மிகமலிந்த வகைச் சீட்டு நீங்கலாக, அதனை ஒழித்ததாக அறிவித்தது. மறுநாளே டெல்டாவும் அமெரிக்கனும் பின்தொடர்ந்தன. சவுத்வெஸ்ட் என்னும் கம்பெனியோ அதனை வாங்கியதேயில்லை. உழைப்பின் செலவு ஓர் இரவில் ஒழியுமா? நம் நாட்டிலும், உறுதியான ரெயில் சீட்டின் நாளைக் கட்டணமின்றி மாற்றும் வசதி வருமென்று 2025 அக்டோபரில் ரெயில்வே அமைச்சர் அறிவித்தார். விலை வேறுபாடு மட்டுமே செலுத்த வேண்டும் என்றார். யான் கேட்பதும் அதுவே. புறப்பட இரண்டு நாளுக்கு மேல் இருப்பின் விலை வேறுபாட்டை மட்டும் பெறுக. அதன்பின் நட்டத்திற்கேற்ப ஏற்றுக. ஏற்றும்போது ‘நட்டம்’ என்றே எழுதுக.

பேருந்துக் கம்பெனியார்க்கு, 200 ரூபாய்க்குரிய நிர்வாகம் யாதென விளக்குமாறு மின்னஞ்சல் ஒன்று வரைந்தேன். ‘எங்கள் விதிமுறைகளுக்கு உட்பட்டது’ என்று ஒற்றை வரியில் விடை வந்தது. பொங்கலுக்கு அவர்கள் பேருந்து ஒன்றரை மணி நேரம் பிந்திப் புறப்பட்டது. அதற்கு என் பக்கத்து நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு மீண்டும் எழுதியிருக்கின்றேன்.