பத்தாம் நாள் பாடம்

ஹைதராபாத், நாகார்ஜுன சாகர் சாலையிலுள்ள தம்ம கேத்த விபஸ்ஸனா தியான மையத்தின் பத்து நாள் முகாமில் அதிகாலை 4 மணிக்கு மணி அடிக்கும். பேச்சு கிடையாது, போன் கிடையாது. முதல் சில நாட்கள் மூக்கு நுனியில் மூச்சு வந்துபோவதைப் பார்த்தபடி உட்கார வேண்டும்; முதுகு கடுக்கும், கால் மரத்துப்போகும். பத்தாம் நாள்தான், எல்லா உயிரும் நலமாயிருக்க நினைக்கும் மைத்திரி தியானம் சொல்லித் தருவார்கள். அதன்பிறகே மௌனம் கலையும். இதுபோன்ற பயிற்சிக்கு ஆய்வுச் சான்றும் உண்டு: 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பதற்ற நோயுள்ள 276 பேரிடையே எட்டு வார மனவிழிப்புப் பயிற்சி எஸ்சிட்டலோபிராம் மாத்திரைக்கு ஈடாகப் பலன் தந்தது. (அதற்காக மாத்திரையை யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.) இந்த ஆய்வு முடிவில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஊழியர்களுக்குத் தியான வகுப்பு வைக்கும் ஹைடெக் சிட்டி அலுவலகங்கள், மூச்சோடு நிறுத்தாமல் அந்தப் பத்தாம் நாள் பாடத்தையும் சேர்க்க வேண்டும். மேலாளர்களும் அதில் உட்கார வேண்டும்.